ஊருணி வரத்துக்காலில் என் பையனுக்கு என்ன வேலை?

ஜூலை 3, கேள்வி

பையன் நாலாவது படிக்கிறான், காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பாடம் கிடையாது, 'சேவை வழிக் கற்றல்' என்று சொல்லி ஊருணிப் பக்கம் கூட்டிப் போகிறார்கள். போன வாரம் கையில் முள் குத்தி வந்தான். படிக்க அனுப்பினோமா, குப்பை கூட்ட அனுப்பினோமா? கேட்டால் குணம் வளரும் என்கிறார்கள். வீட்டில் வளராத குணமா அங்கே வளரும்? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

ஜூலை 3, இரவு 10 மணி

முள் குத்தினதுக்குக் கோபப்படுங்கள் தம்பி, அது நியாயம். சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒன்பது வயதுப் பிள்ளையை விட்டது தப்பு. மற்றதுக்கு வருகிறேன்.

நானும் தொடக்கப்பள்ளி ஆசிரியைதான், இதே செட்டிநாட்டுப் பக்கம். ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். நாங்களும் ஊருணிக்குத்தான் போகிறோம், போன வருஷம் தொடங்கினது. "குணம் வளரும்" என்று பெற்றோர் கூட்டத்தில் நானும் மைக்கைப் பிடித்துச் சொன்னவள்தான். இப்போது அதைச் சொல்ல வாய் கூசுகிறது. ஏன் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஊருணிக் குறள் தலைகீழ்ப் பாடம். 215, ஒப்புரவறிதல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருணிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கேட்டேன், ஒன்றுக்கும் தெரியவில்லை. "மேலேருந்து டீச்சர்" என்று வானத்தைக் காட்டினான் ஒருவன். எனக்கும் தெரியாது. அதை அன்றைக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 4

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது இது. முதல் மாதம் துடைப்பத்தையே தொடவில்லை. நடந்தோம். ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவருகிற வாய்க்காலை, அதுதான் வரத்துக்கால், பிடித்துக்கொண்டு மேலே மேலே போனோம், எங்கே தொடங்குகிறது என்று பார்க்க. இந்த ஊர்களைக் கட்டினவர்கள் தெருவுக்குச் சரிவு வைத்து, வீட்டுக் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் கால்வாயில் இறங்கி ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். மழை குறைந்த சீமை, அவர்களுக்கு வேறு வழி இல்லை. உலகப் பாரம்பரிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியபோது எல்லாரும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பர்மா தேக்கையும்தான் பேசினார்கள், காலடியில் ஓடுகிற கால்வாய்ச் சரிவை யார் பார்த்தது?

பூட்டியே கிடக்கிற ஒரு பெரிய வீட்டின் காவல்கார ஐயா எங்களுக்காக முகப்பைத் திறந்துவிட்டார். அந்தத் தெருவிலேயே பிறந்த பிள்ளைகள், அதுவரை அந்த வாசற்படியை மிதித்ததில்லை. நடு முற்றமான வளவில் நின்று நாலு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிவதை அண்ணாந்து பார்த்தார்கள். தகரத் தூம்பு வாய்களுக்குக் கீழே பெரிய அண்டாக்கள். மழை பெய்தால் அதில் பிடித்தது போக மிச்சம் முற்றத்து ஓட்டை வழியாகத் தெருக் காலுக்குப் போகுமாம். ஐயா ஒரு சொம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார், ஒரு பட்டாளமே வெளியே ஓடியது, வருகிறதா என்று பார்க்க. வரவில்லை. இரண்டாவது சொம்பும் வரவில்லை. நாலாவது குடத்துக்குக் கொஞ்சம் கசிந்தது, கூடவே ஒரு தவளை. அன்றைக்குக் கணக்குப் பாடம் அதுதான்: 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் 1 லிட்டர். கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்தால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1000 லிட்டர். ஐந்தாம் வகுப்பு அளவைகள் பாடத்தை இதுக்கு முன் நான் இத்தனை வருஷமும் கரும்பலகையில்தான் நடத்தியிருக்கிறேன்.

சேவையும் பாடமும் ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும், முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும், அப்போதுதான் அதுக்குச் 'சேவை வழிக் கற்றல்' என்று பேர். உங்கள் பையன் பள்ளிக்கூடத்தில் பேசுகிறார்களா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். பேசவில்லை என்றால் நீங்கள் சொன்னது சரி, அது வெறும் கூட்டுவதுதான்.

ஜூலை 4, கொஞ்சம் கழித்து

மேலே எழுதினதில் ஒரு பொய் இருக்கிறது, நானே திருத்திவிடுகிறேன். முதல் மாதம் துடைப்பத்தைத் தொடவில்லை என்றேன். முதல் வெள்ளிக்கிழமை தொட்டோம். மேலிருந்து ஒருவர் தொடங்கி வைக்க வருவதாகச் சொன்னார்கள், பேனர் கட்டினோம். நூறு நாள் வேலை அக்காமார் முந்தின நாளே படித்துறையைச் சுத்தமாகக் கூட்டிவிட்டார்கள். படம் எடுக்கக் குப்பை இல்லை. அதனால் வேப்பஞ்சருகை ஒரு கூடை அள்ளிவந்து படியில் திரும்பப் போட்டோம்.

போட்டது நான்தான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்டதை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

ஜூலை 6

ஒருத்தர் கோபமாக எழுதியிருக்கிறார்: "எங்கள் காலத்தில் வகுப்பில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டச் சொல்வார்கள். அதுக்கு இப்போது நல்ல பேர் வைத்துவிட்டீர்களா?"

இரண்டு நாளாக இதுக்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். அவர் சொல்வது நடந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்திலும் நடந்தது. தண்ணீர்ப் பானையைத் தூக்கச் சொன்னது சில பிள்ளைகளை, வாசல் பெருக்கச் சொன்னது வேறு சில பிள்ளைகளை, அது ஏன் அப்படி என்று பத்து வயதில் நான் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருக்க முடிந்ததே ஒரு வசதிதான் என்று இப்போது தெரிகிறது.

எங்களிடம் சீட்டுக் குலுக்கல். யார் அளப்பது, யார் எழுதுவது, யார் சாக்கைப் பிடிப்பது, எல்லாம் சீட்டு. என் பேரும் சார் பேரும் சேர்த்துத்தான் டப்பாவில் கிடக்கும். கழிப்பறை வேலை கிடையவே கிடையாது, அதுக்குப் பிள்ளைகளைத் தொடவே கூடாது, எந்தப் பேரிலும். இவ்வளவு செய்தும், சீட்டு எடுப்பதற்கு முன்பே துடைப்பத்துப் பக்கம் போய் நின்ற ஒரு பையனைப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. வீட்டில் எதையோ பார்த்துப் பழகின உடம்பு அது. அவனுக்குச் சீட்டில் 'நாடா பிடிப்பது' வந்தது. நாடாவின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டாலும் திரும்பாமல் நின்றான், அசைந்தால் அளவு மாறிவிடுமாம்.

ஆகவே, கேட்டவருக்கு: உங்கள் பையன் கூட்டுகிறானா என்று மட்டும் கேட்காதீர்கள், யார் கூட்டவில்லை என்றும் கேளுங்கள்.

ஜூலை 9

"வெள்ளைக்காரன் சரக்கு" என்கிறார் இன்னொருவர். பாதி சரி. சேவை வழிக் கற்றல் என்கிற அந்தப் பேர் அமெரிக்காவில் 1960களில் புழக்கத்துக்கு வந்தது. அங்கே மேரிலாந்து மாநிலத்தில் 75 மணி நேரம் சேவை செய்தால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் என்று 1992ல் விதியே போட்டார்கள். ஆனால் சரக்கு நம்மிடம் முன்பே இருந்தது. கைவேலையை நடுவில் வைத்துத்தான் படிப்பு என்று காந்தி வார்தா மாநாட்டில் சொன்னது 1937. கோத்தாரிக் கல்விக் குழு 1964-66ல் வேலை அனுபவம், சமூகத் தொண்டு இரண்டையும் பள்ளிக்குள் கொண்டுவரச் சொன்னது. 1977ல் ஈஸ்வர்பாய் படேல் குழு சொன்னதுதான் எஸ்.யூ.பி.டபிள்யூ, அதாவது சமூகத்துக்குப் பயன்படுகிற ஆக்க வேலை. அதைப் பிள்ளைகள் 'சம் யூஸ்ஃபுல் பீரியட்ஸ் வேஸ்டட்' என்று விரித்துக் கேலி செய்தார்கள், கேலியில் உண்மை இருந்தது. மெழுகுவத்தி ஊற்றுவோம், சாக்கட்டி செய்வோம். யாருக்காகச் செய்கிறோம் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

ஜூலை 9, இரவு

பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துச் செய்ய வைக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் நட்சத்திரக் கதையைச் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு நோட்டுப் போட்டேன். வரத்துக்காலில் கிடக்கிற நெகிழிப் பொட்டலம் பத்துக் கொண்டுவந்தால் ஒரு நட்சத்திரம், பெயருக்கு நேராக ஒட்டப்படும். முதல் வாரம் ஒரு சிமெண்டுச் சாக்கு நிறைந்தது. இரண்டாம் வாரம் இரண்டு சாக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் வாரம் பள்ளிக்கூடத்து வாசல் பெட்டிக்கடை அண்ணன் வந்து, "டீச்சர், என் குப்பைத் தொட்டியைக் காணோம்" என்றார். ஒரு ஐந்தாம் வகுப்புக்காரன் தொட்டியோடு தூக்கிவந்து வேலிக்குப் பின்னால் வைத்து, தினம் பத்துப் பத்தாக எடுத்துத் தந்திருக்கிறான். ஏழு நட்சத்திரம். கணக்கில் அவனை அடிக்க ஆளில்லை.

பரிசு கொடுத்தால் ஆசை போய்விடும் என்று 1973ல் ஒரு ஆய்வு, நர்சரிப் பிள்ளைகளை வைத்து: படம் வரைய ஆசையுள்ள பிள்ளைகளுக்கு 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள், அப்புறம் சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். பயிற்சியில் கேட்டது. கேட்டு, குறிப்பெடுத்து, கோப்பில் வைத்துவிட்டு வந்துதான் நட்சத்திரம் ஒட்டினேன்.

நட்சத்திர நோட்டை நிறுத்தினதும் சாக்கு காலியாகத் திரும்பியது. ஒரு மாதம் அப்படியே இருந்தது. அப்புறம் அதே தொட்டிக்காரன்தான் கேட்டான்: "குப்பை எல்லாம் நம்ம கடைப் பாக்கெட்டாவே இருக்கே டீச்சர், நாமதானே போடுறோம்?" இதைக் கண்டுபிடிக்க அவன் அந்தத் தொட்டியைத் திருட வேண்டியிருந்தது. நான் இதை என்ன பாடக்குறிப்பில் எழுதுவது?

ஜூலை 10

இல்லை, கடைக்காரரிடம் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் அவர் பிழைப்பு. பிள்ளைகள் போய், வாசலில் ஒரு தொட்டி போதாது, வரத்துக்கால் முனையில் இன்னொன்று வைக்கலாமா என்று கேட்டார்கள். பழைய பெயிண்டு வாளி ஒன்று தந்தார். ஆடு தட்டி விட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 15

பலரும் கேட்பதால் பத்திரம் பற்றி: தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, முழங்கால் அளவு இருந்தாலும். ஊருணிச் சேறு இழுக்கும். காய்ந்த வரத்துக்காலில் மட்டும்தான் நடை. கண்ணாடிப் பாட்டில், முள், இரண்டும் பெரியவர்கள் வேலை. செருப்பு கட்டாயம். எங்களில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், கூட ஒரு அம்மா.

முள் வெட்டினது நூறு நாள் வேலை அக்காமார். இங்கே ஒரு சின்னப் பெண் என்னை மடக்கினாள். "அவங்களுக்குச் சம்பளம் உண்டு, நமக்கு ஏன் இல்ல டீச்சர்?" நான் 'சேவை' என்று தொடங்கி இரண்டு நிமிஷம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி சிரித்துவிட்டுச் சொன்னார், "நீங்க சும்மா செஞ்சுபுட்டீங்கன்னா எங்க நாள் போயிரும் ஆத்தா."

அது என் மண்டையில் அடித்தது. பிள்ளைகள் இலவசமாகச் செய்கிற வேலை, கூலிக்குச் செய்கிறவர்களின் வேலையாக இருக்கக் கூடாது. அன்றையிலிருந்து வெட்டுவது தூர் வாருவது எதையும் நாங்கள் தொடுவதில்லை. பார்ப்பது, அளப்பது, வரைவது, எழுதுவது, கேட்பது, இதுதான் எங்கள் சேவை. வரத்துக்கால் எங்கே வளைகிறது என்று அந்த அக்காதான் காட்டினார், சின்ன வயதில் அதில் குளித்திருக்கிறாராம். யார் யாருக்குத் தொண்டு செய்தது என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் குழம்பிவிட்டது.

ஜூலை 21

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

வரைபடம் வரைந்தோம், நாலு சார்ட்டை ஒட்டி. தெரு, வீடு, கால், மதகு, எங்கெங்கே அடைப்பு என்று சிவப்புப் புள்ளி. வரைந்தவள் ஒரு நாலாம் வகுப்புப் பெண், ஊரிலேயே கை சுத்தமான பிள்ளை என்று சொல்வேன். திருவிழாக் கூட்டத்தில் கிடந்த நூறு ரூபாயை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவள். மொத்தம் ஒன்பது அடைப்பு. வரைபடத்தில் எட்டுப் புள்ளி.

ஒன்பதாவது அவள் வீட்டு வாசல். வண்டி ஏற்ற அவள் அப்பா போட்ட சிமெண்டுச் சரிவு, வரத்துக்காலை முழுசாக மூடிவிட்டது, கீழே குழாய் வைக்கவில்லை. அந்த இடத்தில் தாளில் ரப்பர் தேய்த்த தடம் இருந்தது. போட்டுவிட்டு அழித்திருக்கிறாள்.

எனக்குத் தெரியும், மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவும் ஒரு குணம்தானே? தோழியைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் வரைபடம் பொய்.

1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்று இரண்டு பேர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள்: ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துவிட்டு, ஏமாற்றுகிறார்களா என்று. பரீட்சையில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டில் அப்படி இல்லை, அங்கே இருந்தது இங்கே இல்லை. நேர்மை என்பது ஆளோடு ஒட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் வருகிற சாமான் இல்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது என்றார்கள். நீதிபோதனை கேட்ட பிள்ளைகள் பெரிதாக வித்தியாசப்படவும் இல்லை. படித்தபோது எனக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. ரப்பர் தடத்தைப் பார்த்த பிறகு ஒட்டுகிறது. நூறு ரூபாய் யாருடையதோ. சரிவு அப்பாவுடையது. இரண்டும் ஒரே நேர்மையா என்ன?

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. போன அக்டோபர் 2 கிராம சபையில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிற அம்மா அந்த வரைபடத்தைக் காட்டி மனு வாசித்தார். எட்டு அடைப்புக்குத்தான் மனு. முன்வரிசையில் அவள் அப்பா.

ஜூலை 22

"ஆசிரியை கோழை" என்று ஒருவர். இருக்கலாம்.

ஜூலை 22, மதியம்

கோபம் ஆறினதும் திரும்ப எழுதுகிறேன். நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவள் புள்ளியைப் போட்டிருப்பாள், டீச்சர் சொன்னதால். வீட்டில் அடி வாங்கியிருப்பாள், டீச்சர் சொன்னதால். அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியது பெரியவர்கள். அதை ஒன்பது வயதின் தலையில் கட்டிவிட்டு, குணம் வளர்க்கிறேன் என்று நான் சொன்னால் நன்றாகவா இருக்கும்? நானே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தப்பு அங்கே. அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதையும் எழுதிவிடுகிறேன், எல்லாம் எழுதியாயிற்று, இது என்னத்துக்கு மிச்சம்.

ஆகஸ்ட் 2

நீளமாக ஒரு ஐயா எழுதியிருக்கிறார், காரைக்குடியில் கல்லூரிகள் வைத்த வள்ளல் அழகப்பர் கதையைச் சொன்னாலே குணம் வரும், சேறு மிதிக்க வேண்டாம் என்று. சொல்கிறோம் ஐயா, இந்த மண்ணில் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருப்போமா. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையமான செக்ரி வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தது, 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினது, 1953ல் திறந்தது, எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒரு கை மேலே போனது. "அவ்வளவு இல்லாதவங்க என்ன குடுக்கிறது டீச்சர்?"

கதை பெரிய கையைக் காட்டுகிறது. பிள்ளைகளுக்குத் தங்கள் கை எவ்வளவு என்று தெரிய வேண்டியிருக்கிறது. அதுக்கு நாடாவின் நுனியைப் பிடித்து அசையாமல் நிற்கிற இடம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அவ்வளவுதான் என் கட்சி.

ஆகஸ்ட் 17

சின்னக் குறிப்பு. வரைபடம் வரைந்த பிள்ளையின் அப்பா வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். சரிவைப் பற்றி நான் வாயெடுப்பதற்கு முன்பே, "குழாய் விலை விசாரிச்சிருக்கேன் அத்தாச்சி, ஐப்பசிக்குள்ள பார்ப்போம்" என்றார். அவரிடம் யார் பேசினது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கால் விரலால் ஆத்தங்குடிக் கல்லில் பூவை வரைந்துகொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 20

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் காலோரம் நின்றன, புத்தகப் பையோடு. தண்ணீர் பழுப்பாக, வேப்பங்கொட்டையும் ஒரு ஒற்றைச் செருப்பும் அடித்துக்கொண்டு வந்தது. ஏழு இடம் தாண்டியது. எட்டாவதில் திரும்ப அடைத்துக்கொண்டது, போன வருஷம் எடுத்த இடம்தான், யாரோ கட்டட மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவது, சரிவு அப்படியே இருக்கிறது. குழாய் வாங்கி வாசலில் சாத்தி வைத்திருக்கிறார்கள், வாழைத்தார் கட்டித் தொங்கவிட வசதியாக. தண்ணீர் ரோட்டில் ஏறிச் சந்தைப்பேட்டைப் பக்கம் போய்விட்டது.

நாலாம் வகுப்பில் இந்த வருஷம் வந்தவன் ஒருவன் போன வருஷத்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு" என்று சொல்லிச் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தான். அவனுக்கு அது யார் வீடு என்று தெரியாது, வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவன். ஐந்தாம் வகுப்பு வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். "குழா வந்துருச்சு, சித்தாளுதான் வரல" என்றாள், சத்தமாக.

அக்டோபர் 21

முதலில் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். பையன் பள்ளிக்கூடத்தில் இப்போது பேசுகிறார்களாம், முள் பக்கம் விடுவதில்லையாம், அவன் மழைக்கோட்டுக் கேட்கிறானாம், வாங்கலாமா என்கிறார். வாங்குங்கள். நீலம் வேண்டாம், எல்லாப் பிள்ளையும் நீலம்தான் போட்டு வருகிறது, சாயங்காலம் மாற்றி எடுத்துப் போய் ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன் வருகிறது. காலரில் பேர் எழுதிவிடுங்கள்.